மாற்றித் தைத்த கதை

சனிக்கிழமை வகுப்புக்கு வந்த பதினோரு பேருக்கும் இலக்கியம் முதலில் முழங்காலில்தான் வலித்தது. அது ஒரு ஆரம்பப் பள்ளியின் மாடி அறை. பெஞ்சுகள் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. நாற்பதைத் தொட்டவர்கள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வந்துவிடும். பஸ் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். அவர் மட்டும் பெஞ்சைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, காலை நடைபாதையில் நீட்டிக்கொள்வார். போகிற வருகிறவர்கள் தாண்டித்தான் போக வேண்டும்.

எல்லோரும் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் ஒருவழியாகத் தேறி, பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு மிச்சம் இருந்தது இலக்கியத் தாள் ஒன்றுதான். அதில் முப்பது மதிப்பெண் ஒரே கேள்விக்கு. கதை ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் வருகிற ஒரு பொருள் எதற்குக் குறியீடாக நிற்கிறது என்று கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கேள்வியைப் பலர் தொடாமலே விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது பெஞ்சில் அக்காவும் தங்கையும். தங்கை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருந்தாள். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. வீட்டில் அவள் பெயர் சின்னவள். பெரியவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களின் அளவுக்கு உடுப்புகளைக் குறைத்தும் கூட்டியும் தருகிறவள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஒரே டப்பாவிலிருந்து பேனா எடுத்தார்கள்.

டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தன்னைவிட மூத்தவர்களுக்குப் பாடம் எடுக்கிற கூச்சம் அவரிடம் இல்லை. முதல் மாதமே பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: கருத்து, சான்று, விளக்கம். 

"ஒரு பொருள் கதையில ஒரு தடவை வந்தா அது வெறும் பொருள். ரெண்டு தடவை வந்தா கவனிங்க. மூணு தடவை வந்தா அது தற்செயல் இல்ல."

"எங்க டிப்போவுல மூணு தடவை லேட்டா வந்தா மெமோ, டீச்சர்" என்றார் டிரைவர். "அதுவும் தற்செயல் இல்லன்னுதான் சொல்றாங்க."

டீச்சரும் சிரித்தார். சிரித்துவிட்டு விடாமல் நடத்துவார். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. கருத்து இருந்தால் ஒரு டிக். சான்று கதையிலிருந்தே எடுத்ததாக இருந்தால் ஒரு டிக். விளக்கம் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு டிக். இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஒரே வரியில் எழுத வேண்டும். சின்னவளுடைய தாள் எப்போதும் பெரியவளிடம் போகும். பெரியவள் கடையில் தையலைச் சோதிப்பது போலவே வரிவரியாக விரலால் தடவிப் பார்த்துத்தான் டிக் போடுவாள்.

முதல் வகுப்பில் டீச்சர் கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. உங்களால் தூக்கிப் போட முடியாத ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார். "யாரும் படிக்க மாட்டாங்க. நான் மட்டும்தான். படிச்சிட்டு அப்படியே திருப்பிக் குடுத்துடுவேன்."

பெரியவள் தன் கத்தரிக்கோலைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாள். எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்தும் காட்டினாள். சின்னவள் மூன்று பக்கம் எழுதினாள். யாருக்கும் காட்டவில்லை.

அவள் எழுதியது அப்பாவின் காது மிஷினைப் பற்றி.

பெரியவள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, வேறு ஊரில் தையல் வேலைக்குப் போனாள். இந்த வாசலை மிதிக்காதே என்றார் அப்பா. மிதிக்கவில்லை. மூன்றாவது வருஷம் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, காது மிஷின் ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பினாள். அப்பா யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. எடுத்து மாட்டிக்கொண்டார். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

ஐந்து வருஷம் அவருக்குச் சோறு போட்டதும், துணி மாற்றியதும், படுக்கையில் விழுந்த பிறகு மலஜலம் அள்ளியதும் சின்னவள். அந்த ஐந்து வருஷத்தில் அவர் அவளிடம், நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. பெரியவள் போன் பண்ணினாளா என்று மட்டும் கேட்பார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் பெரியவள் நிஜமாகவே போன் பண்ணினாள். "அப்பாகிட்ட குடுடி. ஒரு வார்த்தை பேசிட்டு வெச்சிடறேன்" என்று அழுதாள். காது மிஷின் அப்போது சின்னவளின் வேலைச் சட்டைப் பையில் இருந்தது. அன்று காலையில் அவரைத் துடைக்கக் கழற்றியவள் திரும்ப மாட்டவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்லத் தோன்றும். மறக்கவில்லை. "அவர் பேச மாட்டேங்கறார்க்கா. வரவும் வேண்டாங்கறார்" என்று போனில் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த அப்பா, போன் அவள் காதில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பெரியவளா என்று கத்திக் கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

இரண்டு நாளில் அவர் போய்விட்டார்.

இவ்வளவையும் எழுதினாள்.  தலையில் இருந்த மூட்டையை யாரோ கை கொடுத்து இறக்கியது போல்தான் இருந்தது. ஒன்றை மட்டும் எழுதவில்லை. சாவுக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட பெரியவள் மூன்றாம் நாள், "அப்பாவோட காது மிஷின் எங்கடி?" என்று கேட்டதும், "அவரோடயே அனுப்பிட்டேன், காதுல மாட்டி" என்று இவள் சொன்னதும், பெரியவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பண்ணினே" என்றதும் அந்த மூன்று பக்கத்தில் இல்லை. நாலு வருஷமாகப் பெரியவள் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னோடு பேசவில்லை, ஆனாலும் நான் கொடுத்ததைக் காதில் போட்டுக்கொண்டுதான் போனார் என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லுவாள்.

டீச்சர் ஒரு வாரம் வைத்திருந்து தாளைத் திருப்பிக் கொடுத்தார். அடியில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இது நம் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும்.' சின்னவள் அந்தத் தாள்களை ஆஸ்பத்திரியிலேயே கொதிகலன் அடுப்பில் போட்டாள். அடியிலிருந்த ஒரு வரியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டாள். தன்னிடம் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மதியம், டீச்சர் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தார்.

"பாடப்புத்தகம் இன்னிக்கு வேண்டாம். சின்னதா ஒரு கதை கொண்டாந்திருக்கேன். ஒரே பக்கம். இதுல குறியீடு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப டிரைவருக்குத் தெரியாது" என்றார் வக்கீல். அவர் வக்கீல் இல்லை. ஒரு கட்டடத்துக் காவலாளி. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பெயர்.

"நீ படி, நான் கேக்கறேன்" என்றார் டிரைவர். "உனக்குத்தான் வாசல்ல நின்னு கத்திக் கத்திக் குரல் இருக்கு."

வக்கீல் எழுந்து படித்தார். கதைக்கு 'மூக்குக்கண்ணாடி' என்று பெயர் போட்டிருந்தது.

'கிழவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். போன இடத்திலிருந்து தகப்பனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கி அனுப்பினான். யார் அனுப்பியது என்று கிழவர் கேட்கவில்லை. எடுத்து மாட்டிக்கொண்டார்.'

சின்னவள் தாளைப் பார்த்தாள். எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவளுக்குத்தான் உட்கார்ந்திருந்த இடம் நகர்ந்தது.

'கடைசி வாரத்தில் மூத்தவனிடமிருந்து கடிதம் வந்தது. கண்ணாடி அப்போது இளையவனின் சட்டைப் பையில் இருந்தது. கடிதம் வந்ததா என்று கிழவர் கத்திக் கேட்டார். இளையவன் இல்லையென்று தலையை ஆட்டினான். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆட்டினான்.'

பக்கத்தில் பெரியவள் பேனாவால் ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பாடம் பிடித்திருந்தால் அப்படித்தான் செய்வாள்.

'அந்தக் கண்ணாடி இன்றும் இளையவனிடம் இருக்கிறது. ஒற்றைக் காலுறைக்குள் போட்டு வைத்திருக்கிறான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அதை எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.'

வக்கீல் உட்கார்ந்தார். 

காலுறை இல்லை, ரப்பர் கையுறை என்று சின்னவளுக்கு மனசுக்குள் ஓடியது. சமையலறை மேல்தட்டில், பழைய பால் பவுடர் டப்பாவில், ஒற்றைக் கையுறை. பெரியவள் குள்ளம். ஸ்டூல் போட்டால்தான் அந்தத் தட்டு எட்டும். அக்கா தங்கையை அண்ணன் தம்பியாக்கி, காதைக் கண்ணாக்கி, போனைக் கடிதமாக்கி, கையுறையைக் காலுறையாக்கி, டீச்சர் அவளை அவளுடைய தாளிலிருந்தே பிடுங்கிப் பதினோரு நகல் எடுத்திருக்கிறார். இப்போது அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பவளுக்குத் தெரியக்கூடாது. தெரிய வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாம் மாறியிருக்கிறது.

"சொல்லுங்க" என்றார் டீச்சர். "கண்ணாடி எதுக்குக் குறியீடு?"

"கண்ணாடி கண்ணாடிதான் டீச்சர்" என்றார் டிரைவர். "இந்தப் பய ஒரு திருட்டுப் பய. அவ்வளவுதான்."

"அவன் திருடலையே. எங்கேயும் ஓடலையே. பக்கத்துலயேதானே இருந்து பாத்துக்கிட்டான்" என்றார் வக்கீல்.

"பக்கத்துல இருந்து பண்றவன்தான்யா பெரிய திருடன். வெளியாள் பண்ணினா போலீசுக்காவது போலாம்."

சின்னவள் பேனா டப்பாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். கழற்றி மாட்டினாள்.

ரொட்டிக்கடை வைத்திருக்கிற அம்மா ஒருவர் பின்பெஞ்சில் இருந்தார். வாயைத் திறக்கவே மாட்டார். அன்று கையைத் தூக்கினார். "கடைசியில காதுல வெச்சுப் பாக்கறானே டீச்சர். கண்ணாடிய யாராவது காதுல வெப்பாங்களா? கடுதாசிய அப்பாவுக்குப் படிக்க விடலல்ல. அதுல என்ன இருந்துச்சோன்னு இப்பக் கேட்டுப் பாக்கறான். பாவம்."

டீச்சர் சட்டென்று தன் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். அந்த வரியை மாற்ற விட்டுப் போயிருக்கிறது. சின்னவள் எழுதியது எழுதியபடி நிற்கிறது. டீச்சருக்கு அது அப்போதுதான் தெரிந்தது. சுண்ணக்கட்டி பலகையில் பட்டு ஒரு நொடி நின்றது. பிறகு எழுத ஆரம்பித்தது. 'காதில் வைத்த கண்ணாடி = கேட்காமல் போன குரல்.'

"ரொம்ப அருமை" என்றார். "எழுதினவங்க இதைத் தெரிஞ்சேதான் வெச்சிருக்காங்க. குறியீடுன்னா இதுதான்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பெரியவள் எழுதவில்லை. தாளைத் திருப்பி அதன் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இது மாத்தித் தைச்சது."

"அப்படின்னா?"

"கடைக்கு ஒரு கோட்டு வரும். புதுசுன்னு சொல்லிக் குடுப்பாங்க. உள்பக்கம் திருப்பினா பழைய ஊசி ஓட்டை வரிசையா தெரியும். எவ்வளவு சுத்தமா தைச்சாலும் அது போகாது. இந்தக் கதையில அந்த மாதிரி மூணு ஓட்டை இருக்கு."

"அடடா, மாட்டிக்கிட்டாருய்யா எழுதினவரு" என்றார் டிரைவர்.

பெரியவள் எழுந்து நின்றாள். பெஞ்சுக்கும் அவளுக்கும் நடுவே முழங்கால் மடங்கியபடியே நின்றாள். பாடத்தில் ஒன்றைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. சின்னவள் அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தாள். பெரியவள் அதைத் தட்டிவிட்டாள்.

"முதல்ல, கிழவர் எதுக்குக் கத்தறார்? கண்ணு தெரியாதவங்க கத்த மாட்டாங்க. மெதுவாத்தான் கேப்பாங்க. ரெண்டாவது, பையன் எதுக்குத் தலையை ஆட்டறான்? கண்ணாடியப் புடுங்கி வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி போய்த் தலைய ஆட்டினா அவருக்கு எப்படித் தெரியும்? இல்லப்பான்னு வாயால சொல்ல வேண்டியதுதானே. காது கேக்காதவங்ககிட்டத்தான் தலைய ஆட்டுவாங்க. மூணாவது, காதோரம் வெச்சுக்கறது. அந்தம்மா சொன்னது நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கண்ணாடியே இல்ல டீச்சர். இதுக்கு முன்னாடி இந்த இடத்துல வேற ஒண்ணு இருந்திருக்கு. காதுல போடற..."

அங்கே நின்றுவிட்டாள்.

வாய் திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தாள் என்பது கண் நகர்ந்த விதத்தில் தெரிந்தது.

"காதுல போடற என்ன? கடுக்கனா?" என்றார் டிரைவர்.

வகுப்பே சிரித்தது.

"ஆமா" என்றாள் பெரியவள். "கடுக்கன்."

உட்கார்ந்தாள். பேனாவை மூடி டப்பாவில் போட்டாள். பிறகு டப்பாவைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

இடைவேளையில் சின்னவள் டீச்சரைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். குழாய்கள் பிள்ளைகளின் உயரத்துக்கு வைத்தவை. டீச்சர் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க மட்டும்தான் படிப்பேன்னு சொன்னீங்க."

டீச்சர் நிமிர்ந்தார். முகத்தில் தண்ணீர் சொட்டியது. "எல்லாத்தையும் மாத்திட்டேனே. ஆளை மாத்தினேன், சாமானை மாத்தினேன். உங்களோடதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அதை ஒரு நியாயம் போலச் சொன்னார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது என்பதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை.

"அஞ்சு மாசமா பாடப்புத்தகத்தை வெச்சு நடத்தறேன்" என்றார் டீச்சர். "யாருக்கும் ஏறல. இன்னிக்கு அந்த ரொட்டிக்கடை அம்மா பேசினாங்க, பாத்தீங்களா? இந்த அறையில எழுதினதுலயே உங்களுதுதான் உசத்தி. அதை நான் ஒருத்தி மட்டும் படிச்சிட்டு மூடி வெக்கறது எனக்கு மனசு வரல."

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுலன்னு பென்சில்ல எழுதினீங்களே. அப்பவே நகல் எடுத்து வெச்சிருந்தீங்களா?"

 டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் சின்னவள்.

"அவங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதா?" டீச்சரின் குரல் இறங்கியது. "அக்காகிட்ட மறைச்சிருக்கேன்னு நீங்க எழுதவே இல்லையே."

எழுதவில்லைதான். குழாயை யாரோ சரியாக மூடவில்லை. சின்னவள் அதை இறுக்கி மூடிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

இடைவேளைக்குப் பின் நாற்பது நிமிஷம் எழுத வேண்டும். தேர்வில் கொடுப்பது போலவே. பெரியவள் தலையைத் தூக்கவில்லை. அவள் பேனா நிற்காமல் ஓடியது. சின்னவளுக்குப் பேனா வேண்டியிருந்தது. டப்பா அந்தப் பக்கம் இருந்தது. கேட்கவில்லை. பையில் கிடந்த பென்சிலால், கண்ணாடி அறிவின் குறியீடு என்று தொடங்கினாள். அறியாமை ஒரு இருள். அறிவு ஒரு ஒளி. எங்கே வேண்டுமானாலும் ஒட்டவைக்கலாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த வரிகள். அவற்றையே ஒட்டினாள்.

"மாத்திக்கோங்க" என்றார் டீச்சர். 

பெரியவள் தன் தாளைப் பெஞ்சின் மேல் தள்ளினாள். சின்னவளின் தாளை எடுத்துக்கொண்டாள்.

பெரியவளின் கையெழுத்து எப்போதும் நிமிர்ந்து நிற்கும். அன்றும் அப்படியே இருந்தது.

'கருத்து: இந்தக் கதையில் உள்ள பொருள் அன்பின் குறியீடும் அல்ல, வெறுப்பின் குறியீடும் அல்ல. அது இளையவன் தனக்குச் சேர வேண்டியது என்று நினைத்து எடுத்து வைத்துக்கொண்ட கூலி.

சான்று: அன்பு இருந்திருந்தால் தகப்பனோடு அனுப்பியிருப்பான். வெறுப்பு இருந்திருந்தால் குப்பையில் போட்டிருப்பான். இரண்டும் செய்யவில்லை. காலுறைக்குள் போட்டு வைத்திருக்கிறான். மற்றவர்கள் இல்லாதபோது எடுத்துப் பார்க்கிறான்.

விளக்கம்: இளையவன் பட்ட கஷ்டம் கதையில் இருக்கிறது. அது உண்மையாகவே இருக்கும். கிழவர் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் கதை முழுக்க மூத்தவனுக்கு ஒரு வரி பேச்சுகூட இல்லை. அவனுக்கு என்ன சொன்னார்கள், அதை நம்பி அவன் எத்தனை வருஷம் இருந்தான் என்று இல்லை. எழுதியவருக்கு அது தெரியும். தெரிந்தும் விட்டிருக்கிறார். ஒரு கதையில் எதை எழுதவில்லையோ அதுவும் சான்று.'

சின்னவள் மூன்று டிக் போட்டாள். வேறு என்ன போட முடியும். மூன்றும் இருந்தன.

அவளுடைய தாள் திரும்பி வந்தது. கருத்துக்கு ஒரு டிக் இருந்தது. விளக்கத்துக்குக்கூட ஒரு டிக் இருந்தது. சான்றுக்கு நேரே டிக் இல்லை. 'சான்று எங்கே?' என்று எழுதியிருந்தது.

டீச்சர் தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். எண்ணிப் பார்த்தார். "ஒண்ணு குறையுதே."

பெரியவளின் தாளைச் சின்னவள் நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள்.

"அது உங்களுக்கு இல்ல டீச்சர்" என்றாள்.

பஸ்ஸில் பெரியவள் முன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. அதில் பையை வைத்தாள். சின்னவள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கும் இடம் வந்ததும் பெரியவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். வீட்டுக் கதவை அவள்தான் திறந்தாள். திறந்த கதவைச் சாத்தவில்லை. அந்த அளவுக்குத்தான் மரியாதை.

சின்னவள் நேரே சமையலறைக்குப் போனாள். ஸ்டூல் போட்டு ஏறவில்லை. அவளுக்குத் தட்டு எட்டும். பால் பவுடர் டப்பாவைத் திறந்து, கையுறையை உதறி, உள்ளே இருந்ததைத் தையல் மிஷின் மேல் கொண்டுபோய் வைத்தாள். சதை நிறத்தில், அவரைக்கொட்டையின் அளவு, ஒரு ஓரம் பழுத்துப்போனது.

பெரியவள் அதைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?"

"என் பையில."

"நான் போன் பண்ணினப்போ?"

"பையிலதான் இருந்துச்சு."

"மூணு தடவை கேட்டாருன்னு போட்டிருந்துச்சே. அது டீச்சர் போட்டதா, நீ எழுதினதா?"

"நான் எழுதினது."

"மூணு தடவையா?"

சின்னவள் சுவரைப் பார்த்தாள். இங்கே பொய் சொல்ல இடம் இருந்தது. மூன்று என்று சொன்னால் மூன்றோடு போய்விடும்.

"எண்ணல" என்றாள். "ரெண்டு நாளும் கேட்டுக்கிட்டே இருந்தார். எழுதும்போது மூணுன்னு எழுதினேன்."

 தெருவில் யாரோ ஒரு வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"என்னன்னு கேட்டார்? பேர் சொல்லியா?"

"பெரியவ எங்கன்னு."

"அக்கா, அஞ்சு வருஷம் நான்..." என்று சின்னவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"தெரியும். அதையும் எழுதியிருக்கேன். படிச்சேல்ல? டிக் போட்டேல்ல?" என்றாள் பெரியவள். "அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காத. நாலு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்டி, என் காது மிஷினைப் போட்டுக்கிட்டுத்தான் போனாருன்னு. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தே. ஒரு தடவைகூட உனக்கு இருமல்கூட வரல. எவளோ ஒருத்தி கிளாசுல தாள் குடுத்து, பரீட்சைக்குப் படிக்கற மாதிரி நான் இதைத் தெரிஞ்சுக்கணுமா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தையல் மிஷினின் விளக்கைப் போட்டு, யாருடையதோ ஒரு கால்சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பி, பழைய தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். காது மிஷின் அவள் முழங்கைக்குப் பக்கத்தில், நூல்கண்டுகளோடு கிடந்தது.

"இனிமே கிளாசுக்குப் போக வேண்டாங்க்கா" என்றாள் சின்னவள். "ரெண்டு பேருமே."

"ஏன்? நான் என்ன தப்பு பண்ணினேன்?" பெரியவள் தலை நிமிரவில்லை. "ஒரு தடவை இந்த வீட்டால படிப்பை விட்டாச்சு. மறுபடி விட மாட்டேன். நீ ரெண்டு மணி பஸ்ல போ. நான் அடுத்ததுல வரேன்."

அடுத்த சனிக்கிழமை சின்னவள் இரண்டு மணி பஸ்ஸில் போனாள். மூன்றாவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்துப் பெரியவள் வந்து, டிரைவரின் காலைத் தாண்டி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாங்கம்மா, டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்றார் டிரைவர். அவள் சிரித்தாள். டப்பாவைத் திறந்து அவருக்கும் ஒரு பேனா கொடுத்தாள்.

டீச்சர் பாடப்புத்தகத்தை எடுத்தார். மூன்றாவது பெஞ்சுப் பக்கம் பார்க்காமலே நடத்தினார். நாற்பது நிமிஷம் எழுதினார்கள். மாற்றிக்கொள்ளுங்கள் என்றபோது சின்னவளிடம் மாற்றிக்கொள்ள ஆள் இல்லை.

"என்கிட்ட குடுங்க. நான் பாக்கறேன்" என்று டீச்சர் கை நீட்டினார்.

"வேண்டாம் டீச்சர். நானே பாத்துக்கறேன்."

தன் தாளைத் தானே முதலிலிருந்து படித்தாள். கருத்து இருந்தது, டிக் போட்டாள். விளக்கம் சுமார், அதற்கும் போட்டாள். சான்று கதையிலிருந்தே எடுத்ததுதான், சரியாகவே இருந்தது. ஆனாலும் அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. எதிர்ப் பெஞ்சில் பெரியவள் டிரைவரின் தாளை வரிவரியாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவையாவது நிமிர்வாள் என்று சின்னவள் மணி அடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிரவில்லை. சான்றுக்கு நேரே இருந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, சின்னவள் முதல் பஸ்ஸைப் பிடிக்க மாடி இறங்கினாள்.